63,327 வாக்குக்கும் ஒன்று, 27,855 வாக்குக்கும் ஒன்று: யாழ்ப்பாணத்து ஆசனக் கணக்கும் பிரதமருக்கான கடிவாளமும்

கோண்டாவில் வாசகர் | 12 மே 2025, இரவு 8.40

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலிலை யாழ் மாவட்டத்திலை வீடு (தமிழரசுக் கட்சி) 63,327 வாக்கு எடுத்தது, ஒரு ஆசனம். ஊசி (சுயேச்சைக் குழு 17) எடுத்தது 27,855, அதுக்கும் ஒரு ஆசனம். திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) 80,830 எடுத்து மூண்டு. இரண்டு மடங்குக்கு மேலை எடுத்தவைக்கும் ஒண்டு, பாதிகூட எடுக்காதவைக்கும் ஒண்டு எண்டால், எண்ணினது பிழை. இல்லாட்டிச் சட்டம் பிழை. இதையோ விகிதாசாரம் எண்டு சொல்லுறியள்? இப்பிடி வாற பெரும்பான்மையை வைச்சுக்கொண்டு ஒரு பிரதமரோ சனாதிபதியோ நினைச்சதெல்லாம் செய்ய வெளிக்கிட்டால் பிடிச்சு நிறுத்த என்ன இருக்கு?

12 மே, இரவு 10.15

எண்ணியதில் பிழை இல்லை. ஒரு கடதாசியும் பென்சிலும் எடுங்கோ, படிப்படியாகப் போடுவம்.

செல்லுபடியான வாக்கு 325,312. அதில் 5 சதவீதம் 16,265.6. இதுதான் வெட்டுப்புள்ளி. தாண்டியவை ஆறு: திசைகாட்டி 80,830, வீடு 63,327, சைக்கிள் (தமிழ்க் காங்கிரஸ்) 27,986, ஊசி 27,855, சங்கு (சனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி) 22,513, வீணை (ஈ.பி.டி.பி.) 17,730. ரெலிபோன் (ஐக்கிய மக்கள் சக்தி) 15,276 எடுத்தும் வெட்டுப்பட்டது. இந்த ஆறையும் கூட்டினால் 240,241. இனி இதுதான் கணக்குக்குரிய மொத்தம்.

மாவட்டத்துக்கு 6 ஆசனம். முதலாவது, கூட வாக்கு எடுத்த கட்சிக்குப் போனஸ்: திசைகாட்டிக்கு 1. மிச்சம் 5. 240,241 ஐ 5 ஆல் பிரிக்க 48,048 வரும், இதுதான் ஈவு. திசைகாட்டிக்குள் அது ஒரு தரம் போகும், மிச்சம் 32,782. வீட்டுக்குள் ஒரு தரம் போகும், மிச்சம் 15,279. மற்ற நாலு கட்சிக்குள்ளும் ஒரு தரமும் போகாது. ஆகவே அவர்களின் முழு வாக்கும் மிச்சமாகவே நிற்கும். இன்னும் 3 ஆசனம் கிடக்கிறது. பெரிய மிச்சத்தில் இருந்து கொடுத்துக்கொண்டு வந்தால் திசைகாட்டி (32,782), சைக்கிள் (27,986), ஊசி (27,855). அதோடு முடிந்தது. முடிவு 3, 1, 1, 1.

வீடு 48,048 ஐக் கொடுத்து ஒரு ஆசனம் வாங்கியது. ஊசி 27,855 ஐக் கொடுத்து ஒன்று வாங்கியது. மிச்ச வாக்கில் வாங்குகிறவருக்கு ஆசனம் மலிவு. உங்கள் கேள்விக்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

13 மே, காலை 6.50

ஒரு திருத்தம். ஈவு 48,048.2. அரசியலமைப்பின் 99 ஆம் உறுப்புரையின்படி பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணை எடுக்க வேண்டும். ஆகவே 48,049. மிச்சங்கள் 32,781, 15,278 என்று ஒவ்வொன்றால் குறையும். இந்த முறை முடிவு மாறவில்லை. ஆனால் சைக்கிளுக்கும் ஊசிக்கும் இடையில் 131 வாக்குத்தான் வித்தியாசம் என்ற மாவட்டத்தில் இதைக் கவனிக்காமல் எழுதியிருக்கக் கூடாது.

13 மே, இரவு 9.05

போனஸ் ஆசனம் இல்லையென்றால்? 240,241 ஐ 6 ஆல் பிரித்து மேலே ஏற்றினால் 40,041. திசைகாட்டிக்கு 2, மிச்சம் வெறும் 748. வீட்டுக்கு 1, மிச்சம் 23,286. கிடக்கிற மூன்றும் சைக்கிள் (27,986), ஊசி (27,855), வீடு (23,286). சங்கு 22,513 உடன் மயிரிழையில் தவறுகிறது. முடிவு 2, 2, 1, 1.

ஆக, வீட்டின் இரண்டாவது ஆசனத்தை எடுத்துத் திசைகாட்டியிடம் கொடுத்தது ஊசி அல்ல, போனஸ். 24.85 சதவீத வாக்குக்கு ஆசனத்தில் சரிபாதி கிடைத்ததும் அதனால்தான். ஊசியைப் பார்த்துக் கோபிக்கிறவர்கள் ஆளை மாறிப் பிடித்திருக்கிறார்கள்.

இதையும் சொல்ல வேண்டும். அதே தேர்தலில் மட்டக்களப்பில் வீடு 96,975 வாக்கு எடுத்தது, மாவட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவு. கிடைத்தது 5 இல் 3. அங்கே போனஸ் வீட்டுக்கு. யாழ்ப்பாணத்தில் அநியாயம் என்றால் மட்டக்களப்பிலும் அது அநியாயம்தான்.

14 மே, மாலை 5.30

சுன்னாகம் வாசகர் கேட்கிறார்: "வெட்டுப்புள்ளியை எடுத்துவிட்டால் சின்னக் கட்சியளுக்கு என்ன நன்மை? 5 சதவீதம் எடுக்காததுக்கு எப்பிடியும் ஆசனம் வராதுதானே."

அவைக்கு வராது, உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கோ. வெட்டாவிட்டால் 325,312 ஐ 5 ஆல் பிரிக்க வேண்டும்: 65,063. திசைகாட்டிக்குப் போனஸோடு 2, மிச்சம் 15,767. வீடு ஈவைத் தொடவில்லை. 63,327 முழுதும் மிச்சம். கிடக்கிற நாலு ஆசனமும் வீடு, சைக்கிள், ஊசி, சங்கு. முடிவு 2, 1, 1, 1, 1.

வெட்டுப்புள்ளியைத் தாண்டிய சங்குதான் வெட்டுப்புள்ளியால் ஆசனத்தை இழந்தது. ஏனென்றால் வெட்டுப்பட்ட 85,071 வாக்கும் கணக்கில் இருந்து போக ஈவு 65,063 இல் இருந்து 48,049 க்கு இறங்குகிறது. ஈவு இறங்கினால் முதலாவது கட்சிக்கு மிச்சம் பெருகுகிறது. எங்கள் கட்சிகள் உடைந்து உடைந்து தனித்தனிப் பட்டியல் போட்டதில் செல்லுபடியான வாக்கில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இப்படி வெளியே போனது. அந்த வாக்கின் பலன் யாருக்குப் போனது என்று மேலே இருக்கிற இரண்டு முடிவையும் பக்கத்தில் வைத்தால் விளங்கும்.

1978 இல் எழுதியபடி வெட்டுப்புள்ளி எட்டில் ஒரு பங்கு, 12.5 சதவீதம். 1988 இல் 15 ஆம் திருத்தம் அதை 5 ஆக்கியது. பழையபடி இருந்திருந்தால் 40,664 எடுக்க வேண்டும். திசைகாட்டியும் வீடும் மட்டும் நிற்கும். ஈவு 28,832. முடிவு 4, 2. பெரிய கட்சிகள் ஏன் காலத்துக்குக் காலம் வெட்டுப்புள்ளியை உயர்த்தக் கேட்கின்றன என்பதற்கு இந்த ஒரு வரி காணும்.

16 மே, காலை 7.10

வெளிநாட்டுச் சூத்திரங்கள். டொண்ட் முறையில் ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3 என்று பிரித்துப் பெரிய ஆறு எண்ணை எடுப்பார்கள்: 80,830, 63,327, 40,415, 31,663, 27,986, 27,855. முடிவு 2, 2, 1, 1. செயின்ட் லாகு முறையில் 1, 3, 5 ஆல் பிரிப்பார்கள்: 80,830, 63,327, 27,986, 27,855, 26,943, 22,513. முடிவு 2, 1, 1, 1, 1. சங்கு உள்ளே, வீட்டின் இரண்டாவது ஆள் வெளியே (63,327 இல் மூன்றில் ஒன்று 21,109 தான்).

வாக்காளர் ஒருவரும் மனம் மாறவில்லை. அதே வாக்குச்சீட்டு, நாலு விதமான முடிவு. "மக்கள் தீர்ப்பு" என்று யாரும் மேடையில் சொன்னால் எந்தச் சூத்திரத்தின் தீர்ப்பு என்று கேட்கலாம்.

16 மே, இரவு 8.20

நிராகரிக்கப்பட்ட வாக்கைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. யாழ் மாவட்டத்தில் 32,767. இது சைக்கிள் எடுத்த வாக்கைவிடக் கூட. சீட்டில் 44 பட்டியல், ஒவ்வொன்றிலும் ஆசனத்தோடு மூன்று கூட்டி 9 பேர், மொத்தம் 396 வேட்பாளர். நீளச் சீட்டில் கண் தடுமாறும்.

இரண்டு கட்சிக்குப் புள்ளடி போட்டால் போச்சு. கட்சிக்குப் போடாமல் விருப்பு இலக்கத்துக்கு (பிடித்த வேட்பாளரின் இலக்கம்) மட்டும் போட்டாலும் போச்சு. கட்சிக்குச் சரியாகப் போட்டு விருப்பு வாக்கை மூன்றுக்கு மேல் போட்டால் விருப்பு மட்டும்தான் போகும், கட்சி வாக்கு நிற்கும். இந்தக் கடைசி விசயம் தெரியாமல், "பிழைச்சுப் போச்சு" என்று நினைத்து முழுச் சீட்டையும் கீறிப் பழுதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் கட்சிச் சின்னம், பிறகுதான் இலக்கம். வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறவர்கள் தங்கள் இலக்கத்தைப் பெரிதாகப் போடுகிற அளவுக்கு இந்த ஒழுங்கைப் போடுவதில்லை.

20 மே, இரவு 9.40

இரண்டாவது கேள்விக்கு வருவம். கோண்டாவில் அண்ணை இரண்டு கேள்வி கேட்டதாக நினைக்கிறார். எனக்கு அவை ஒன்றுதான். பிரதமருக்குப் போடுகிற கடிவாளம் அரசியலமைப்பில் இருக்கிறது. அரசியலமைப்பின் பெரும்பகுதியை மாற்ற மூன்றில் இரண்டு போதும். அந்த மூன்றில் இரண்டை உண்டாக்குவது தேர்தல் முறை.

1970: சுதந்திரக் கட்சி 36.9 சதவீதத்துக்கு 91 ஆசனம், ஐக்கிய தேசியக் கட்சி 37.9 சதவீதத்துக்கு 17. அந்தப் பெரும்பான்மையால் 1972 அரசியலமைப்பு வந்தது. 1977: ஐ.தே.க. 50.9 சதவீதத்துக்கு 168 இல் 140, அதாவது ஆறில் ஐந்து. அதனால் 1978 அரசியலமைப்பு வந்தது. பிறகு 1982 டிசம்பர் 22 இல் சர்வசன வாக்கெடுப்பு வைத்து அதே பாராளுமன்றத்தை நீட்டினார்கள். தொகுதி முறையில் (ஒவ்வொரு தொகுதியிலும் கூட வாக்கு எடுத்தவர் வெல்லும் பழைய முறை) வந்த ஆறில் ஐந்து 1988 டிசம்பர் வரை ஓடியது.

இந்த நாட்டில் 1978 வரை முழு அதிகாரமும் பிரதமரிடம்தான். அவரைத் தடுக்க அப்போது மூன்று வேலி இருந்தன: செனற் சபை (மேல்சபை), சோல்பரி அரசியலமைப்பின் 29(2) (ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ பாகுபாடு காட்டும் சட்டத்தைத் தடுத்த பிரிவு), இலண்டன் பிரிவிக் கவுன்சில் (கடைசி மேன்முறையீட்டு மன்று). செனற்றை 1971 இல் ஒழித்தார்கள். பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடும் அந்தக் காலத்திலேயே நின்றது. 29(2) ஐ 1972 இல் விட்டுவிட்டார்கள். உள்ளபோதும் 29(2) எவ்வளவு தாங்கியது? மலையகத் தமிழரின் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிபோனபோது கொடக்கன்பிள்ளை வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை போய் 1953 இல் தோற்றது.

21 மே, காலை 6.30

நேற்றைய 1970 ஒப்பீட்டில் நியாயமில்லை. சுதந்திரக் கட்சி பல தொகுதிகளைக் கூட்டாளிகளுக்கு விட்டது, ஐ.தே.க. கூடிய தொகுதிகளில் நின்றது. சரியாக ஒப்பிட வேண்டியது கூட்டணி: ஐக்கிய முன்னணி பாதி வாக்கை எட்டாமல் 151 இல் 116. இதுவே மூன்றில் இரண்டுக்கு மேல். பயங்கரம் குறையவில்லை, காரணம் சரியாகிறது.

இன்னொன்று: தொகுதி முறை எப்போதும் எங்களுக்கு எதிரி என்று எழுதுகிறவர்களுக்கு. 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 6.75 சதவீத வாக்கோடு 18 ஆசனம் எடுத்தது, வடக்கின் 14 உம் அதற்குத்தான். சுதந்திரக் கட்சி 29.7 சதவீதத்தோடு 8. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது அந்தக் கணக்கால். ஒரு இடத்தில் திரண்டு வாழ்கிறவர்களுக்குத் தொகுதி முறை கொடுக்கும். சிதறி வாழ்கிறவர்களிடம் பறிக்கும். மலையகத்துக்கு வெளியே சிதறி வாழும் தமிழரும், பல மாவட்ட முஸ்லிம்களும் இரண்டாவது வகை. அவர்களையும் வைத்துத்தான் "நியாயம்" என்ற சொல்லைப் பாவிக்க வேண்டும்.

23 மே, இரவு 10.00

2018. கடிவாளம் வேலை செய்த ஒரு தடவை என்பதால் விரிவாக.

2015 இன் 19 ஆம் திருத்தம் இரண்டு காரியம் செய்தது. பிரதமரைச் சனாதிபதி விரும்பியபடி நீக்க முடியாது; நாலரை வருடம் முடியுமுன் பாராளுமன்றத்தைத் தானாகக் கலைக்க முடியாது. 2018 ஒக்டோபர் 26 இல் மைத்திரிபால சிறிசேன ரணிலை நீக்கி மகிந்தவை நியமித்தார். நவம்பர் 9 இல் கலைத்தார். எதிராக மனுப் போட்டவர்களில் சம்பந்தனும் ஒருவர். நவம்பர் 29 இல் பாராளுமன்றம் பிரதமர் செயலகத்துக்கான பணத்தை 123 க்கு 0 என்று நிறுத்தியது. டிசம்பர் 3 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மகிந்த பிரதமராக இயங்க இடைக்காலத் தடை போட்டது. டிசம்பர் 13 இல் ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக, கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். 16 இல் ரணில் திரும்பப் பதவியேற்றார்.

மூன்று பூட்டு ஒன்றாக வேலை செய்தது: சபையில் எண்ணிக்கை, பணப்பெட்டி, நீதிமன்றம். நீதிமன்றம் மட்டும் காப்பாற்றியது என்று சொல்வது அரைவாசி உண்மை. சபையில் அந்த 123 பேர் இல்லாவிட்டால் பணப்பெட்டியைப் பூட்ட ஆள் இல்லை. அந்தச் சபை 2015 இல் யாருக்கும் தனிப் பெரும்பான்மை கொடுக்காத சபை.

2020 ஒக்டோபர் 22 இல் 156 வாக்கோடு 20 ஆம் திருத்தம் வந்து நாலரை வருடத்தை இரண்டரை ஆக்கியது. 2022 இன் 21 ஆம் திருத்தமும் அந்த இரண்டரையை அப்படியே விட்டுவிட்டது. ஒரு தேர்தல் முடிவு எட்டுத் திக்கும் பேசிய தீர்ப்பின் அடித்தளத்தை இரண்டு வருடத்துக்குள் மாற்றிவிட்டது.

24 மே, மாலை 4.15

"சனாதிபதி முறையை ஒழித்தால் எல்லாம் சரி" என்று வந்த குறிப்புகளுக்கு. ஒழித்தால் அதிகாரம் ஆவியாகாது, பிரதமரிடம் போகும். 1972 பிரதமரிடம் போகுமா, கட்டுப்பட்ட பிரதமரிடம் போகுமா என்பதுதான் கேள்வி. பிரித்தானியாவைப் பாருங்கோ: 2011 சட்டம் கலைக்கும் காலத்தைப் பிரதமர் கையில் இருந்து எடுத்தது, 2022 சட்டம் திரும்பக் கொடுத்தது. இடையில் 2019 இல் ஐந்து வாரம் சபையை மூடிய ஆலோசனை சட்டவிரோதம் என்று பதினொரு நீதிபதிகளும் சொல்ல வேண்டி வந்தது. அங்கே 2024 இல் தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்கோடு 650 இல் 411.

ஜெர்மனியில் பிரதமருக்கு ஒப்பான சான்சலரை விழுத்த வேண்டுமென்றால் அடுத்தவரின் பெயரை அதே வாக்கெடுப்பில் தெரிய வேண்டும். 1982 ஒக்டோபர் 1 இல் ஷ்மிட் போய்க் கோல் வந்தது அப்படி. கவிழ்ப்பு குறைவு, வெற்றிடம் இல்லை. ஆனால் அது பிரதமரைப் பாதுகாக்கிற பூட்டு. அவரைக் கட்டுப்படுத்துகிற பூட்டு வேறாகத் தேவை.

24 மே, இரவு 9.50

ஒருவரும் சேர்க்காத அதிகாரம் ஒன்று: தேர்தலை வைக்காமல் விடுகிற அதிகாரம். செல்வநாயகம் 1972 ஒக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, புதிய அரசியலமைப்பை மக்கள் ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தலில் பார்ப்போம் என்றார். வாக்கெடுப்பு நடந்தது 1975 பெப்ரவரி 6 இல். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு தொகுதிக்கு ஆள் இல்லை. அவர் வென்றார், ஆனால் கேள்வி கேட்ட நேரத்தில் விடை கிடைக்கவில்லை.

இன்றைக்கும் வட மாகாண சபை 2013 செப்டெம்பரில் தெரியப்பட்டு 2018 ஒக்டோபரில் முடிந்தது. பிறகு தேர்தலே இல்லை. காரணம் சட்டத்துக்குள் இருக்கிறது: 2017 இல் மாகாண முறையைக் கலப்பு முறைக்கு (ஒரு பகுதி தொகுதி, ஒரு பகுதி பட்டியல்) மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் சபைக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்தார்கள், ஆதரவு பூச்சியம். பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. தேர்தல் முறையைச் சீர்திருத்துகிறோம் என்று வருகிற எவரிடமும் முதலில் கேட்க வேண்டியது: புதியது தயாராகும் வரை பழையது நிற்குமா? நிற்கும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதாவிட்டால் ஆதரிக்கக் கூடாது.

27 மே, காலை 7.00

மானிப்பாய் வாசகர்: "நாடு முழுக்க 21 மாவட்டத்திலை திசைகாட்டிக்குப் போனஸ். 159 இலை 21 ஐக் கழிச்சால் 138. மூண்டிலை இரண்டு, 150, கிடைச்சிராது."

வழி பிழை. போனஸை எடுத்தால் அந்த ஆசனம் கணக்குக்குள் திரும்பி வந்து, பெரிய கட்சிக்கே மறுபடி போகலாம். யாழ்ப்பாணத்தில் போகவில்லை, வீட்டுக்குப் போனது. ஆனால் ஒரு கட்சி 60 சதவீதத்துக்கு மேல் எடுத்த மாவட்டத்தில் பெரும்பாலும் அதே கட்சிக்குத் திரும்பும். 22 மாவட்டத்தையும் ஒவ்வொன்றாகப் போடாமல் எண் சொல்லக் கூடாது. நாட்டை ஒரே தொகுதியாக எடுத்து 61.56 சதவீதத்தை 225 ஆல் பெருக்கினால் 138.5 வருவது தற்செயல். அந்த எண்ணை வைத்து வாதிக்கலாம், கழித்தலை வைத்து முடியாது.

27 மே, இரவு 8.45

உள்ளூராட்சிக் கலப்பு முறையைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவரலாமா என்று இரண்டு பேர். யாழ் மாநகர சபையில் 27 வட்டாரம், 18 பட்டியல், 60க்கு 40. வாக்கு ஒன்றுதான். வட்டாரத்தில் ஆளைப் பிடித்தால் கட்சியையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். ஜெர்மனியில் இரண்டு வாக்கு. இங்கே, வாக்கு விகிதப்படி உரியதைவிடக் கூட வட்டாரம் வென்ற கட்சி அதை வைத்திருக்க, சபையில் கதிரை கூடும். 2018 இல் நாடு முழுக்க உறுப்பினர் எட்டாயிரத்தைத் தாண்டியது. பல சபைகளில் ஒருவருக்கும் பெரும்பான்மை வராது. அதோடு பாதீடு இரண்டு தரம் தோற்றால் தலைவர் பதவி போகும் என்ற விதி. 2020 டிசம்பரில் எங்கள் மாநகர சபையில் மேயர் பதவி அப்படிப் போனது. பாராளுமன்றத்துக்கு எடுப்பதானால் இரண்டு வாக்குச்சீட்டோடு மட்டும் எடுக்கலாம்.

29 மே, இரவு 9.15

கோப்பாய் வாசகரின் கணக்கு: ஆசனம் 7 ஆக இருந்திருந்தால்? போனஸ் போக 6, ஈவு 40,041. திசைகாட்டி 3, வீடு 2, சைக்கிள் 1, ஊசி 1. யாழ் மாவட்டத்துக்கு 2010 இல் 9, 2020 இல் 7, 2024 இல் 6. மாகாணத்துக்கு 4 என்று 36 ஆசனம் நிலையானது. மற்ற 160 உம் தேருநர் இடாப்பை (வாக்காளர் பட்டியலை) பார்த்துப் பங்கிடுவது. இடாப்பில் ஆள் குறைந்தால் ஆசனம் வேறு மாவட்டத்துக்குப் போகும். வாக்காளர் பதிவுக்குக் கிராம அலுவலர் வரும்போது 18 வயதானவர்களின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கோ. வீட்டில் ஆள் இல்லாத நேரம் வந்துபோனால் அவரின் அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கோ.